எண்பத்தையாயிரம் கேட்டு எழுதிய சீட்டு

போன தவக்காலத்தில் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. பனடோல் போட்டுப் படுத்தால் போகிற காய்ச்சல்தான். ஆனால் அந்த இரண்டு நாளும் என் அறைக் கதவை ஒருவரும் தட்டவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் தமிழ்நாட்டிலிருந்து அம்மா ஃபோன் எடுத்தா.

"சாப்பிட்டியா மகன்?"

"சாப்பிட்டேன்மா."

"என்ன கறி?"

"மீன்."

முந்தின நாள் கடையில் வாங்கிய பாண் ரொட்டியில் பாதி மேசையில் காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் மீன் என்று சொன்னேன். தவக்காலத்தில், பெற்ற தாய்க்கு, யோசிக்காமல் பொய். ஃபோனை வைத்ததும் அழுகை வந்தது. தனியாக இருக்கிற அறையில் அழுதால் சத்தம் வேறு மாதிரிக் கேட்கும். அது யாரோ அடுத்த அறையில் அழுவதுபோல இருந்தது.

என் பெயர் அமலன். வயது இருபத்து நான்கு. இதை வாசிக்கிற எங்கள் பங்கு மக்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. கோயிலில் கடைசி வாங்குப் பலகையில், தூணுக்குப் பக்கத்தில் இருக்கிற "இந்தியாப் பொடியன்" நான்தான். என் அம்மா ஆக்னஸ் இந்த மன்னார்த் தீவில் பிறந்தவ. சண்டைக் காலத்தில் இளம் பெட்டையாகத் தமிழ்நாட்டுக்குப் படகேறிப் போனவ. நான் அங்கே அகதி முகாமில் பிறந்தேன். அப்பா அங்கேயே இறந்துபோனார். அம்மா இன்று வரைக்கும் மன்னார்த் தமிழ்தான் கதைப்பா, நான் வாயைத் திறந்தால் தமிழ்நாடு வரும். இது எங்கள் வீட்டுப் பகிடி. ஆனால் நான் தனியாக இங்கே வந்த பிறகு அது பகிடியாக இருக்கவில்லை. நான் ஒரு வசனம் பேசினால் போதும், "எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்பார்கள். எங்கே பிறந்தாலும் சொந்த ஊருக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து வந்தவனிடம் அந்தக் கேள்வி.

அப்போது வந்து இரண்டு வருடம். தோட்டவெளியில் ஒரு வீட்டின் பின்பக்க அறை. வேலை, மன்னாரில் ஒரு மீன் குளிரூட்டும் கொம்பனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது.

ஃபோர்க்லிஃப்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அது பார்க்கத்தான் சின்ன வண்டி. ஒரு டொன் ஐஸ் பெட்டிகளை இரண்டு இரும்புக் கரங்களில் ஏந்தி லொறிக்குள் வைக்கும். பின் சில்லு, அதாவது பின் சக்கரம்தான் திரும்பும், அதனால் கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு முதல் நாள் சுவரில் இடிக்காமல் வராது. சுமை உயரமாக இருந்தால் முன்னுக்குப் பார்க்க முடியாது, பின்னுக்குத்தான் ஓட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் நான். தமிழ்நாட்டில் ஒரு பெரிய சேமிப்புக் கிடங்கில் இதைப் பழகினேன், இங்கே வந்து திரும்பவும் சோதனை எழுதிச் சான்றிதழ் எடுத்தேன். எனக்கு உண்மையாகவே பிடித்த வேலை.

சம்பளம் ஐம்பத்திரண்டாயிரம் ரூபா. அறை வாடகை பதினைந்தாயிரம். அடுப்பு வைக்க விடமாட்டார்கள், ஆகவே மூன்று நேரமும் கடைச் சாப்பாடு. அது மாதம் இருபத்தேழாயிரத்தை விழுங்கும். பஸ், ஃபோன், சவர்க்காரம் எல்லாம் போக மாதக் கடைசியில் ஐயாயிரம் மிஞ்சினால் பெரிய விஷயம். எங்கள் தீவில் மீன் பாலம் தாண்டி வெளியே போகும், மற்ற எல்லாம் பாலம் தாண்டி உள்ளே வரும். ஏன் விலை ஏறாது?

மத்தியானம் நான் வண்டியின் சீட்டிலேயே இருந்து சாப்பிடுவேன். மற்றவர்கள் வேப்ப மரத்தடியில் கூட்டமாக இருப்பார்கள். அங்கே போனால் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று பயம். வண்டியின் நிழலில் ஒரு கழுதை வந்து படுக்கும். ஹோர்ன் அடித்தாலும் எழும்பாது, இறங்கிப் போய்க் கழுத்தைத் தள்ள வேண்டும். சில நாட்களில் காலையிலிருந்து மாலை வரை நான் தொட்ட ஒரே உயிர் அந்தக் கழுதைதான்.

பின்னேரம் வேலை முடிய, அளவு பிசகிய மீன்களை வேலையாட்களுக்குக் கறிக்கு என்று பிரித்துக் கொடுப்பது எங்கள் கொம்பனி வழக்கம். ஆளுக்கொரு சின்னப் பை. எனக்கு அடுப்பு இல்லையே? என் பங்கை நான் லொறி ஏற்றுகிற குணம் அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். அவர் பெருநிலத்து வயல் கிராமத்து ஆள், சைவ சமயத்தவர், வாய் ஓயாத மனிதர்.

"இந்தியா, உன்ர புண்ணியத்தில என்ர மனிசி குழம்பும் வைக்கிறா, பொரியலும் பொரிக்கிறா. நீ மட்டும் சிரிக்க மாட்டனெண்டிறாய்."

நான் சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். அவர் என்னோடு கதைக்க வந்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

இப்போது என் பிரச்சினையைச் சொல்கிறேன். அம்மாவை இங்கே கூட்டிவர வேண்டும். இது ஒன்றுதான் நான் இந்த ஊருக்கு வந்த காரணம். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தா.

"முப்பது வருசத்துக்கு மேல பத்துக்குப் பத்து அறையில இருந்தாச்சு ராசா. ஒரு வீட்டுக் கதவைத் திறந்து உள்ள போறதெண்டால் வாறன். இன்னொரு அறைக்கு வரமாட்டன்."

நியாயம்தானே? வீடு தேடினேன். மூன்று இடத்தில் கேட்டேன். மூன்று இடத்திலும் ஒரே பதில். "தம்பி, குறை நினைக்காதேங்கோ. தனிப் பொடியளுக்கு வீடு குடுத்தால் பிறகு சோலி. அம்மா வந்தாப்பிறகு வாங்கோ, பாப்பம்." வீடு இல்லாமல் அம்மா வரமாட்டா. அம்மா இல்லாமல் வீடு தரமாட்டார்கள். நடுவில் நான்.

படித்தவன் என்ன செய்வான்? இணையத்தில் தேடினேன். எந்த நாட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு சம்பளம், அந்த நாட்டில் வாழ எவ்வளவு செலவு என்று சொல்கிற பக்கங்கள் ஏராளம். கட்டார், துபாய், கொழும்பு எல்லாம் இருந்தது. மன்னார் இல்லை. சரி, மன்னாருக்கு நானே போடுகிறேன் என்று தொடங்கினேன். எனக்கு ஒன்று பிடித்தால் அப்படித்தான், சாப்பாடு மறந்துவிடும். அரிசி, தேங்காய், காஸ், டவுனில் இரண்டறை வீட்டு வாடகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஃபோனில் எழுதினேன். மீன் சந்தையில் ஒரு அக்காவிடம் பாரை என்ன விலை, விளைமீன் என்ன விலை, சூடை என்ன விலை என்று வரிசையாகக் கேட்டேன். அவ கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தா.

"தம்பி வாங்க வந்தனீரோ, வரி எடுக்க வந்தனீரோ?"

பக்கத்துக் கடைக்காரர், "விலை கேட்டே வயிறு நிரப்பிறவர் போல கிடக்கு, விடக்கா" என்றார். நான் காது சிவக்க அங்கிருந்து வந்தேன்.

ஆனால் விடை வந்துவிட்டது. டவுனில் வீட்டு வாடகை இருபத்தையாயிரம். சாப்பாடு, என் ஒருவனுக்கு இருபத்தேழாயிரம், அம்மாவும் வந்தால் இரண்டால் பெருக்க ஐம்பத்துநாலாயிரம். மின்சாரம், பஸ், ஃபோன் ஆறாயிரம். மொத்தம் எண்பத்தையாயிரம். என் சம்பளமோ ஐம்பத்திரண்டாயிரம். கணக்குப்படி என் அம்மா எனக்கு எட்டாத தூரத்தில் இருந்தா.

ஆகவே கட்டாருக்குப் போக முடிவெடுத்தேன். கொழும்பில் ஒரு முகவர், இரண்டு வருட ஒப்பந்தம், வருகிற வெள்ளிக்கிழமை கடவுச்சீட்டோடு வந்து கையெழுத்து வைக்கச் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். அவ கத்தவில்லை, தடுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு வருசமோ?" என்றா.

அவ்வளவுதான். 

அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை வந்தது. எங்கள் கோயிலில் செவ்வாய் தோறும் அந்தோனியார் நவநாள் வழிபாடு நடக்கும். வாசலுக்கு வலப்பக்கம் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதில் மன்றாட்டை ஒரு சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் எழுதத் தேவையில்லை. கடைசி ஆசீருக்கு, ஆசீர்வாதத்துக்கு, முன் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கோயில் முழுக்கச் சேர்ந்து, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொல்லும். நான் எப்போதும் மற்றவர்களின் சீட்டுகளுக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறேன். என்னுடையதை ஒருநாளும் போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன். கடைசி முயற்சி. கட்டாருக்குப் போகாமல் இருக்க ஆண்டவருக்குக் கொடுத்த கடைசிச் சந்தர்ப்பம் என்றுகூட நினைத்தேன், என் திமிரைப் பாருங்கள்.

நான் எழுதியது இதுதான்: "மாதச் சம்பளம் 85,000. ஃபோர்க்லிஃப்ட் வேலை. நன்றி."

பெயர் எழுதக்கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தேன். வேலையை எழுதிவிட்டேன்! எங்கள் பங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான்.

வாசித்தவ செலின் அக்கா. அவ எங்கள் கொம்பனிக் கந்தோரில் சம்பளக் கணக்கு எழுதுகிறவ, செவ்வாயில் கோயிலில் சீட்டு வாசிப்பா. அதற்கு முந்தின சீட்டு, புற்றுநோயில் இருக்கிற ஒரு தாய்க்காக. அதற்கு முந்தினது, காணாமல் போன ஒரு மகனுக்காக. அந்த வரிசையில் அவ என் சீட்டை விரித்தா. அவவின் குரல் ஒரு கணம் தடுமாறியது, ஆனால் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தா. "மாதச் சம்பளம் எண்பத்தையாயிரம். ஃபோர்க்லிஃப்ட் வேலை. நன்றி."

முன் வாங்குகளில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். தலைகள் மெதுவாகத் தூண் பக்கம் திரும்பின. அதன் பிறகு, வழமைபோல, எல்லாரும் சேர்ந்து அந்தப் பதிலைச் சொன்னார்கள். சிரிப்போடு சொன்னார்கள்.

எல்லாரும் போகும்வரை நான் எழும்பவில்லை. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் மட்டும் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. முழங்காலில் நின்றேன். அழகான செபம் ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, அந்த எண்பத்தையாயிரத்தை விடும், நான் வெள்ளிக்கிழமை போகிறேன், ஆனால் போவதற்கு முன்னால் இந்த ஊரில் யாராவது ஒருவர் என்னைக் கூப்பிட்டு வைத்து என்னோடு பேச வேண்டும் என்று கேட்டேன். வேலை விஷயம் இல்லாமல். எப்போது வந்தாய் என்று கேட்காமல். அவ்வளவு போதும் என்று கேட்டேன்.

அதுதான் நான் வாழ்க்கையில் உண்மையாகச் செய்த முதல் செபம் என்று இப்போது நினைக்கிறேன். அதற்கு முன் செய்ததெல்லாம் விலை விசாரிப்பு.

அடுத்த நாள் காலை. ஐஸ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு லொறிப் பக்கம் போகிறேன். செலின் அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றா. பிரேக்கை மிதித்த மிதியில் மேல் பெட்டி ஆடியது.

"அக்கா! ஃபோர்க்குக்கு முன்னால நிக்காதீங்கக்கா! கால் போயிடும்!"

"என்ர கால் என்னட்ட இருக்கட்டும். நேற்றுச் சனம் உன்னைத் திரும்பிப் பாத்தது நான் வாசிச்சதால. அதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தனான். சாமானை இறக்கிப்போட்டுக் கந்தோருக்கு வா."

"பரவாயில்லக்கா."

"பறவாயில்லையோ, இருக்கோ, அதை நான் பாக்கிறன். வா எண்டால் வா."

கந்தோரில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டா. தன் ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தா. இரண்டு வருடத்தில் கடையில்லாத ஒரு இடத்தில் நான் குடித்த முதல் தேத்தண்ணி அது. 

"இப்ப சொல்லு. தொண்ணூறு எண்டும் கேக்கேல்லை, எண்பது எண்டும் கேக்கேல்லை. அதென்ன எண்பத்தையாயிரம்?"

ஃபோனில் என் அட்டவணையைக் காட்டினேன். வரிக்கு வரி நிறம் கொடுத்திருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தா.

"வாடகை சரி. சாப்பாடு ஐம்பத்துநாலாயிரமோ? ஏன், கலியாண வீடு ஏதும் வைக்கப் போறியோ?"

"இல்லக்கா. எனக்கு இப்ப இருபத்தேழாயிரம் ஆகுது. அம்மா வந்தா ரெண்டு பேரு. அதான் ரெண்டால பெருக்கினேன்."

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா. முந்தின நாள் கோயிலில் கேட்ட சிரிப்பு இல்லை இது, மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணி வரச் சிரித்தா.

"டேய் தம்பி! மன்னாரில பிறந்த பொம்பிளை, இத்தனை வருசம் கழிச்சு இஞ்ச வந்து, உன்னோட சேந்து கடைப் பார்சல் வாங்கித் தின்னப் போறாவோ? அவ சமைக்க மாட்டாவோ?"

 சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. இவ்வளவு படித்து, இவ்வளவு விலை கேட்டு, நிறம் நிறமாக வரி போட்டவன், அம்மா என்றால் இன்னொரு நான் என்று எழுதி வைத்திருந்தேன். இன்னொரு தனி ஆள். இன்னொரு பார்சல். தனியாக இருந்து இருந்து, ஒரு வீடு எப்படி நடக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அவ விடவில்லை. ஜன்னலால் எட்டிக் கூப்பிட்டா.

"குணம்! இவன் உமக்கு எவ்வளவு காலமாய் மீன் தாறான்?"

"ஒரு வருசத்துக்கு மேல வரும். ஏன், இந்தியா இப்ப காசு கேக்கிறானோ?"

"கேக்கேல்லை. அதுதான் பிழை." என் பக்கம் திரும்பினா. "சந்தையில பாரைமீன் விலை எழுதி வச்சிருக்கிறாய். ஒவ்வொரு நாளும் குணத்திட்ட குடுக்கிற மீனை எந்த வரியில போட்டனீ?"

எந்த வரியிலும் போடவில்லை. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

குணம் அண்ணன் ஜன்னலுக்கு வந்துவிட்டார். விஷயம் விளங்கியதும் அவர் முகம் மாறியது. "அட பாவி, அம்மாவைக் கூப்பிட ஏலாமல் கிடக்கிறன் எண்டு ஒரு வார்த்தை சொன்னியே? நான் உனக்கு மீன் பிடிக்காதாக்கும் எண்டெல்லோ நினைச்சனான்" என்றார்.

அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு இல்லாமல் வராத அம்மா, அம்மா இல்லாமல் கிடைக்காத வீடு, வெள்ளிக்கிழமை, கட்டார். என்னுடைய தமிழ்நாட்டுத் தமிழில், நிறுத்தாமல், தேத்தண்ணி ஆறும்வரை சொன்னேன். ஒருவரும் என் பேச்சுக்குச் சிரிக்கவில்லை.

செலின் அக்கா கொஞ்ச நேரம் பேனையால் மேசையைத் தட்டினா. "என்ர புளோரா மாமியின்ர வீடு தோட்டவெளியில பூட்டிக் கிடக்குது. அவ கனடாவில. வாடகை வேண்டாமாம், வளவைக் கூட்டித் துப்பரவாய் வச்சிருக்க ஒரு குடும்பம் வேணும் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறா. ஆனால் தனிப் பொடியளுக்குக் குடுக்கவே மாட்டா. போன முறை இருந்தவங்கள் அறைக் கதவொண்டையே விறகாய் எரிச்சுப்போட்டாங்கள்."

"அப்ப எனக்கும் குடுக்க மாட்டாங்கக்கா."

"உனக்கு ஆர் கேக்கிறது? உன்ர அம்மாவுக்குத்தான் கேக்கப் போறன்."

வியாழக்கிழமை பின்னேரம், கனடாவில் விடிந்த நேரம், அதே கந்தோரில் செலின் அக்கா மூன்று இடத்தையும் ஃபோனில் இணைத்தா. மன்னாரில் நாங்கள், கனடாவில் புளோரா மாமி, முகாமில் அம்மா. அடுத்த நாள் நான் கொழும்பில் நிற்க வேண்டும். கடவுச்சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. 

புளோரா மாமி நேராக விஷயத்துக்கு வந்தா. "பிள்ளை, நான் உங்களைக் கண்டதில்லை. வீட்டை ஒருக்கால் நாசமாக்கிப் போட்டாங்கள். குறை நினைக்காதேங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு."

அம்மா கெஞ்சுவா என்று நினைத்தேன். கெஞ்சவில்லை.

"அக்கா, வளவில முருங்கை நிக்குதோ?" என்று கேட்டா.

புளோரா மாமி சொன்னா, "நிண்டது. போன கோடையில பட்டுப்போச்சு எண்டு செலின் சொன்னவள். அம்மா வச்ச மரம்."

"அது பறவாயில்லையக்கா. நான் வந்த கையோட ஒரு தடி ஊண்டிறன். மாரி வரேக்க பிடிச்சிடும். கிணத்துத் தண்ணி உப்புச் சவரெண்டால் வேரடியில சாம்பல் போடோணும்."

நான் முகாமில் பிறந்தவன். அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு மரம் இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவ நேற்றுத்தான் வளவைக் கூட்டிவிட்டு வந்தவபோலக் கதைத்தா. புளோரா மாமியின் குரல் உடைந்துவிட்டது. "இஞ்ச எனக்கு ஒருத்தரோடையும் இப்பிடிக் கதைக்கக் கிடைக்கிறேல்லை பிள்ளை" என்றா. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செலின், பூட்டின்ர திறப்பை அந்தப் பொடியனிட்ட குடு. ஆனா தாய் வரும் வரைக்கும் அவன் முன் விறாந்தையிலதான் படுக்கோணும்" என்றா.

குணம் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்று, "கதவெரிக்க மாட்டான் மாமி, இவனுக்கு அடுப்பே எரிக்கத் தெரியாது" என்று கத்தினார்.

வெள்ளிக்கிழமை நான் கொழும்புக்குப் போகவில்லை. முகவருக்கு ஃபோன் பண்ணி வரவில்லை என்றேன், அவர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். அன்று பின்னேரம் என் பங்கு மீன் பையை முதல் தடவையாக, புளோரா மாமியின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கழுவத் தெரியவில்லை. வெட்டத் தெரியவில்லை. குழம்பு உப்புக் கரித்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன், ஆனால் அது காய்ச்சல் நாள் அழுகை இல்லை. அம்மா ஃபோன் எடுத்து என்ன கறி என்று கேட்டா. மீன் என்றேன். அந்தத் தடவை அது உண்மை.

எண்பத்தையாயிரம் இன்று வரைக்கும் வரவில்லை. இதை நான் மறைக்கக் கூடாது. சனிக்கிழமைகளில் இன்னொரு இடத்தில் வண்டி ஓட்டக் கொஞ்சம் கிடைக்கிறது, மற்றப்படி அதே சம்பளம்தான். ஆனால் எனக்கு வேண்டியது அந்தச் சம்பளம் இல்லை என்று ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்டது காசு. அவர் தந்தது கதவைத் தட்ட ஆட்கள். செவ்வாய் இரவு கேட்டேன், புதன் காலை எட்டரைக்கு ஒரு மனுஷி வந்து இரும்புக் கரங்களுக்கு முன்னால் கை விரித்து நின்றா. இதைத் தற்செயல் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். நான் அப்படிச் சொல்லமாட்டேன், அவ்வளவுதான்.

அம்மாவின் பத்திரங்கள் சரிவரச் சில மாதங்கள் எடுத்தன. ஆவணி மாதத்து மாதா திருநாள் முடிந்த வாரம் அம்மா வந்தா. திறப்பை நான் கொடுத்தேன், அவதான் கதவைத் திறந்தா. உள்ளே போய் ஒவ்வொரு அறையாக நின்று பார்த்தா. பிறகு வெளியே வந்து முருங்கைத் தடி ஊன்ற இடம் பார்த்தா.

எல்லாம் அத்தோடு இனிதாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை வேறு. முதல் மாதம் அம்மா சரியாகக் கதைக்கவில்லை. அவவுக்குத் தெரிந்த ஊர் இங்கே இல்லை, தெரிந்த ஆட்கள் எல்லாம் முகாமில். அங்கே ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினால் கேட்கும். இங்கே மாலையானால் காற்று மட்டும்தான். ஒருநாள், "வீடு பெரிசாக் கிடக்கு மகன்" என்றா. நான் இரண்டு வருடம் அனுபவித்த தனிமை இப்போது அவவின் முறைக்கு வந்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவவைச் செவ்வாய் நவநாளுக்குக் கூட்டிப்போனேன். கடைசி வாங்கில் இருக்கவில்லை. நடுவில் இருந்தோம், செலின் அக்காவின் பிள்ளைகளுக்குப் பக்கத்தில்.

அம்மா வாசலில் பெட்டியைக் கண்டா. என்னிடம் ஒன்றும் கேட்காமல் ஒரு சீட்டு எடுத்து, சுவரோடு வைத்து, நெடுநேரம் எழுதினா. ஒரு பக்கம் முடிந்து பின்பக்கமும் எழுதினா.

ஆசீருக்கு முன் செலின் அக்கா அந்தச் சீட்டை விரித்தா, புரட்டிப் பார்த்தா, என் பக்கம் ஒரு தடவை பார்த்தா. பிறகு வாசித்தா. அதில் வேண்டுதல் ஒன்றும் இல்லை, பெயர்கள்தான். முகாமில் எங்கள் வரிசையில் இருந்தவர்கள். முதல் வீட்டு ராணி, அவளின் மூன்று பிள்ளைகள். இரண்டாம் வீட்டு யோசேப்பு, கண் தெரியாதவர். மூன்றாம் வீட்டு சரசு, சைவ சமயத்தவ, எங்களோடு செபமாலை சொல்லுவா. இப்படியே கடைசி வீடு வரைக்கும். முடிவில் ஒரு வரி: இவர்களுக்கும் ஒரு கதவு.

ஒவ்வொரு பெயருக்கும் கோயில் பதில் சொன்னது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் அவசரப்படவில்லை. சொல்லி முடிய வழமையைவிட நெடுநேரம் எடுத்தது. அம்மா என் கையைப் பிடித்திருந்தா. வெளியே வரும்போது இரண்டு பெண்கள் அம்மாவை மறித்தார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டா: "அந்தச் சரசு, கட்டையா, சிவப்பா இருப்பாவோ? நானும் அந்த முகாமிலதான் அக்கா இருந்தனான்." நான் அரை மணித்தியாலம் வாசலில் காத்து நின்றேன். காத்து நிற்பது எவ்வளவு நல்ல விஷயம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இதை எழுதச் சொன்னது செலின் அக்கா. எனக்கு ஆட்களைத் தந்த ஆண்டவருக்கும், பரிந்து கேட்ட அந்தோனியாருக்கும், சிரித்தபடியே ஆனாலும் என் சீட்டுக்குப் பதில் சொன்ன உங்கள் எல்லாருக்கும் நன்றி. உங்களில் யாராவது அறையில் தனியாக இருந்து, சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்று ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தால், செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாருங்கள். பெட்டி வாசலுக்கு வலப்பக்கம். பென்சில் நூலில் கட்டித் தொங்கும், கூர் போயிருந்தால் என்னிடம் கேளுங்கள். எண் எழுதவேண்டாம். உங்களுக்கு யார் வேண்டுமோ அவரின் பெயரை எழுதுங்கள். நாங்கள் நடு வாங்கில் இருப்போம். முடிந்த பிறகு ஓடிவிடாமல் கொஞ்சம் நில்லுங்கள். அம்மா கட்டாயம் வந்து கேட்பா, சாப்பிட்டீங்களோ என்று. உண்மையைச் சொல்லுங்கள்.